பழைய ரிவால்வருக்கு என்ன விலை கொடுக்கலாம்? அமெரிக்காவில் முதன்முறை வாங்குபவருக்கு ஒரு வழிகாட்டி

பழைய ரிவால்வர் வாங்கப் போகிறவர் கண்ணில் முதலில் படுவது பளபளப்பு. விலையைக் கணக்கிடும்போது கடைசியாகப் பார்க்க வேண்டியதும் அதுதான். இந்த வரிசையை மாற்றிப் பிடித்தால் நூறு இருநூறு டாலர் அதிகம் கொடுப்பதோடு, ஒழுங்காக வேலை செய்யாத ஒரு பொருளையும் வீட்டுக்குக் கொண்டு வந்துவிடுவோம்.

அமெரிக்கத் துப்பாக்கிக் கடை எதிலும் இந்தக் காட்சியைப் பார்க்கலாம். கண்ணாடிப் பெட்டிக்குள் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் கம்பெனியின் ரிவால்வர்கள் இரண்டு பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். ஒன்றில் பேரல் (குழல்) முனையிலும் சிலிண்டர் (தோட்டா அறைகள் உள்ள சுழல் உருளை) விளிம்பிலும் மெருகு தேய்ந்து வெள்ளை இரும்பு தெரியும். இன்னொன்று கருநீலமாக மின்னும். முதலாவது, ஏதோ ஒரு ஊரின் போலீஸ்காரர் இடுப்பில் பல வருஷம் தோலுறைக்குள் போய்வந்ததாக இருக்கும். வெளியே உரசல், உள்ளே அவ்வப்போது பயிற்சிக்குச் சுட்டதைத் தவிர வேறு வேலை இல்லை. இரண்டாவது, துருவைத் தேய்த்து எடுத்துவிட்டு மறுபடி மெருகேற்றியதாக இருக்கலாம். எது எது என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்துகொள்வதுதான் இந்தக் கட்டுரையின் வேலை.

உதாரணத்துக்கு ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் மாடல் 10ஐ எடுத்துக்கொள்கிறேன். 1899-ல் ‘மிலிட்டரி அண்ட் போலீஸ்’ என்ற பெயரில் வந்த .38 காலிபர் ரிவால்வரின் நேர் வாரிசு இது. 1957-ல் அந்தக் கம்பெனி எல்லாவற்றுக்கும் மாடல் எண் கொடுத்தபோது இதற்குக் கிடைத்த எண் 10. பழையதும் புதியதுமாக 60 லட்சத்துக்கு மேல் செய்யப்பட்டிருப்பதால் ‘அபூர்வம்’ என்று சொல்லி யாரும் விலையை ஏற்ற முடியாது. 1980களிலும் 90களிலும் அமெரிக்கப் போலீஸ் துறைகள் வரிசையாக செமி ஆட்டோமேட்டிக் பிஸ்டலுக்கு மாறியபோது, திருப்பிக் கொடுத்த ரிவால்வர்கள் குவியலாகச் சந்தைக்கு வந்தன. விலை பழகுவதற்கு இதைவிட நல்ல மாடல் இல்லை.

முதலில், வாங்கலாமா என்பது

விலைக்கு முன்னால் சட்டம். கிரீன் கார்டு வைத்திருப்பவர் வாங்கலாம். எச்-1பி, எஃப்-1 போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர், செல்லுபடியாகும் வேட்டை உரிமம் போன்ற சில விதிவிலக்குகள் தவிர, கூட்டாட்சிச் சட்டப்படி துப்பாக்கி வாங்கவும் கூடாது, வைத்திருக்கவும் கூடாது. நம்மவர்களில் பலர் இந்த விசாக்களில் இருப்பதால்தான் இதை அழுத்திச் சொல்கிறேன். ‘என் பெயரில் முடியாது, உன் பெயரில் வாங்கிக் கொடேன்’ என்று நண்பர் கேட்டால் மறுத்துவிடுங்கள். வேறொருவருக்காக உங்கள் பெயரில் படிவம் நிரப்புவது கூட்டாட்சிக் குற்றம். வாங்கிக் கொடுத்தவரும் மாட்டுவார், வாங்கிக்கொண்டவரும் மாட்டுவார். விசா விஷயத்தில் சந்தேகம் இருந்தால் வழக்கறிஞரைக் கேளுங்கள், கடைக்காரரை அல்ல.

உரிமம் பெற்ற கடையில் கைத்துப்பாக்கி வாங்க 21 வயது ஆகியிருக்க வேண்டும். 4473 என்ற படிவத்தை நிரப்ப வேண்டும், பின்னணிச் சோதனை நடக்கும். வேறு மாநிலத்தில் இருக்கும் கைத்துப்பாக்கி என்றால், அது உங்கள் மாநிலத்தில் உள்ள உரிமக் கடைக்கு அனுப்பப்பட்டு அங்கே உங்கள் கைக்கு மாற வேண்டும். நியூ ஜெர்சியில் வாங்குவதற்கே தனி அனுமதி வேண்டும். நியூயார்க்கில் முதலில் லைசென்ஸ். கலிஃபோர்னியாவில் தனியார் விற்பனைகூடக் கடை வழியாகத்தான். உங்கள் மாநில விதியைப் படித்துவிட்டுத்தான் விலை பேசப் போக வேண்டும்.

சீரியல் எண் தேய்க்கப்பட்டோ மாற்றப்பட்டோ இருந்தால், எவ்வளவு மலிவாக இருந்தாலும் கீழே வைத்துவிட்டு வெளியே வந்துவிடுங்கள். அப்படிப்பட்ட ஒன்றைக் கையில் வைத்திருப்பதே குற்றம்.

கையில் எடுத்ததும்

கடைக்காரர் சிலிண்டரைத் திறந்துதான் கொடுப்பார். அவர் காலியென்று காட்டியிருந்தாலும் நீங்களும் ஆறு அறைகளையும் பாருங்கள், விரலால் தொட்டும் பாருங்கள். பேரல் யாரையும் நோக்கித் திரும்பக் கூடாது. சினிமாவில் வருவதுபோல் மணிக்கட்டை உதறிச் சிலிண்டரை மூடாதீர்கள். சிலிண்டரைத் தாங்கும் கை, அதை யோக் என்பார்கள், அப்படி மூடி மூடித்தான் வளைந்துபோகிறது. முன்னால் வைத்திருந்தவர் அப்படிச் செய்திருந்தால் அதன் செலவு இப்போது உங்கள் தலையில் விழும்.

சிலிண்டர் திறந்திருக்கும்போதே யோக்குக்கு எதிரே ஃப்ரேமில் (உடல் சட்டத்தில்) பொறித்திருப்பதைப் படியுங்கள். ‘10-5’ என்றோ ‘10-6’ என்றோ இருக்கும். கோட்டுக்குப் பின்னால் வரும் எண், வடிவமைப்பு எத்தனையாவது முறை மாற்றப்பட்டது என்பதைச் சொல்கிறது. 10-5 என்றால் முனை நோக்கி மெலியும் பேரல், 10-6 என்றால் தடித்த பேரல். மாடல் எண்ணே இல்லாமல் வெறும் சீரியல் எண் மட்டும் இருந்தால் அது 1957-க்கு முந்தையதாக இருக்கலாம். பிடியின் அடியில் இருக்கும் சீரியல் எண்ணில் ‘சி’ (C) என்ற எழுத்து முன்னால் வந்தால் 1948 முதல் 1967 வரையிலான காலம். ‘டி’ (D) என்றால் அதற்குப் பின். இதைக் குறித்துக்கொள்ளாமல் ‘மாடல் 10 என்ன விலை’ என்று தேடினால் கிடைக்கும் எந்த எண்ணுக்கும் அர்த்தம் இல்லை.

இன்னொன்று. பேரல் ஃப்ரேமில் சேரும் இடத்தில் குறுக்கே ஒரு சிறு ஊசி தெரிகிறதா என்று பாருங்கள். 1982 வாக்கில் அந்த ஊசியைக் கம்பெனி விட்டுவிட்டது. அதனால் ஊசி உள்ளவற்றைச் சேகரிப்பாளர்கள் விரும்புகிறார்கள். தோட்டாவின் அடிவிளிம்பு சிலிண்டருக்குள் பதியும்படி குடைந்திருப்பதையும் இதோடு சேர்த்துப் பேசுவார்கள். அந்தக் குடைவு மேக்னம் (கூடுதல் சக்தியுள்ள தோட்டா), .22 மாடல்களில்தான் உண்டு. மாடல் 10-ல் அது இல்லை என்று யாராவது குறை சொன்னால் கண்டுகொள்ள வேண்டாம்.

பூட்டைப் பாருங்கள்: நேரம் செலவழிக்க வேண்டிய இடம்

ரிவால்வரின் உயிர் ஒரே ஒரு ஒழுங்கில் இருக்கிறது. ஹேமர் (தோட்டாவை வெடிக்க வைக்கும் சுத்தி) விழும் நொடியில் சிலிண்டரின் அறை பேரலுக்கு நேராக வந்து பூட்டிக்கொண்டிருக்க வேண்டும். ஹேமரை இழுக்கும்போது உள்ளே ‘ஹேண்ட்’ என்ற சிறு நெம்பு மேலே ஏறிச் சிலிண்டரின் பின்புறப் பற்சக்கரத்தைத் தள்ளித் திருப்புகிறது. கீழே ‘சிலிண்டர் ஸ்டாப்’ என்ற சிறு இரும்பு எழும்பிச் சிலிண்டரின் பள்ளத்தில் விழுந்து பிடிக்கிறது. இந்த இரண்டில் ஒன்று தேய்ந்தாலும் அறை நேராக வராது. அப்போது குண்டு பேரல் வாயின் ஓரத்தில் உரசிக்கொண்டு போகும்; ஈயத் துகள் பக்கத்தில் நிற்பவர் மேல் தெறிக்கும்.

சோதிக்கும் முன் ‘டிரை ஃபயர் செய்யலாமா’, அதாவது உண்மைத் தோட்டா இல்லாமல் இழுத்துப் பார்க்கலாமா, என்று அனுமதி கேளுங்கள். ஸ்னாப் கேப் எனப்படும் ஆறு டம்மித் தோட்டாக்களைக் கையோடு கொண்டுபோய், கடைக்காரரிடம் காட்டிவிட்டு, அறைகளில் போட்டுக்கொள்ளுங்கள். இதில் ஒரு விஷயம் இருக்கிறது. சில ஸ்மித் அண்ட் வெஸ்ஸன்களில் அறைகள் காலியாக இருந்தால் பற்சக்கரம் இருக்கும் எக்ஸ்ட்ராக்டர் (சுட்ட கூடுகளை வெளியே தள்ளும் பாகம்) கொஞ்சம் ஆடும். அந்த ஆட்டத்தால் நல்ல ரிவால்வர்கூடச் சோதனையில் தோற்றதுபோல் தெரியும். அறைகளில் ஏதாவது இருந்தால் எக்ஸ்ட்ராக்டர் அசையாமல் நிற்கும், உண்மை நிலை தெரியும்.

சரி, இப்போது இடது கை விரலால் சிலிண்டரை லேசாகத் தொட்டு, ஒரு சின்னத் தடை கொடுத்துக்கொண்டே ஹேமரை மிக மெதுவாகப் பின்னால் இழுங்கள். ஸ்டாப் பள்ளத்தில் விழும் ‘டிக்’ முதலில் கேட்க வேண்டும். ஹேமர் நிற்பது அதற்கப்புறமோ அதே நேரத்திலோ நடக்க வேண்டும். ஹேமர் நின்ற பிறகும் சிலிண்டர் பூட்டாமல் இருந்து, நீங்கள் விரலால் ஒரு நூல் தள்ளினால்தான் ‘டிக்’ கேட்கிறது என்றால் டைமிங், அதாவது அறை நேராக வந்து பூட்டும் நேர ஒழுங்கு, போயிருக்கிறது. வேகமாக இழுத்துப் பார்த்தால் இது தெரியாது. சிலிண்டர் தன் வேகத்திலேயே போய்ப் பூட்டிக்கொள்ளும். விற்பவர் படபடவென்று ட்ரிகரை இழுத்துக் காட்டினால் அதை வைத்து எந்த முடிவுக்கும் வராதீர்கள். ஆறு அறைகளுக்கும் தனித்தனியாகச் செய்யுங்கள். ஐந்து சரியாக இருந்து ஆறாவது மட்டும் தவறுவது சாதாரணமாக நடப்பதுதான். பிறகு ட்ரிகரை மட்டும் மெதுவாக இழுத்து டபுள் ஆக்‌ஷனிலும் அதே சோதனை.

அடுத்தது, ஹேமரைப் பின்னால் நிறுத்திவிட்டு, ட்ரிகரைத் தொடாமல், கட்டை விரலால் ஹேமரை முன்னோக்கி மிதமாக அழுத்துங்கள். விழவே கூடாது. விழுந்தால் உள்ளே ஹேமரைப் பிடித்து நிறுத்தும் விளிம்பு தேய்ந்திருக்கிறது, அல்லது ட்ரிகரை இலகுவாக்குகிறேன் என்று யாரோ அரத்தால் ராவியிருக்கிறார்கள். இந்தக் குறைக்கு நான் தள்ளுபடி கேட்க மாட்டேன், வாங்கவே மாட்டேன்.

பிறகு ட்ரிகரை முழுக்க இழுத்துப் பிடித்தபடியே சிலிண்டரை இடமும் வலமும் அசைத்துப் பாருங்கள். ஸ்மித் அண்ட் வெஸ்ஸனில் மயிரிழை ஆட்டம் இருக்கும், அது வடிவமைப்பிலேயே உள்ளது. கடகடவென்று ஆடினால்தான் பிரச்சினை.

இனி, சட்டைப்பையில் கொண்டுபோக வேண்டிய ஒரே அளவுகோல்: ஃபீலர் கேஜ். கார் உதிரிபாகக் கடையில் சில டாலருக்குக் கிடைக்கும் மெல்லிய தகடுகளின் கட்டு. டம்மித் தோட்டாக்களை எடுத்துவிட்டுச் சிலிண்டரை மூடி, விரலால் பின்னோக்கித் தள்ளிப் பிடித்துக்கொண்டு, பேரலின் பின்முனைக்கும் சிலிண்டரின் முன்முகத்துக்கும் நடுவில் எந்தத் தகடு நுழைகிறது என்று பாருங்கள். அப்புறம் சிலிண்டரை முன்னோக்கித் தள்ளிப் பிடித்து மறுபடி அளந்து பாருங்கள். முதல் அளவு 0.008 அங்குலம், இரண்டாவது 0.006 என்றால் முன்பின் ஆட்டம் 0.002. அது நல்ல ரிவால்வர். ஆட்டம் 0.005-ஐ நெருங்கினால் பேரம் பேசும் இடம். மெல்லிய வளையங்கள் போட்டுக் கன்ஸ்மித் (துப்பாக்கி பழுதுபார்ப்பவர்) சரிசெய்துவிடுவார். ஆனால் இடைவெளியே 0.010-ஐத் தாண்டிவிட்டால் பேரலில் கைவைக்க வேண்டியிருக்கும், செலவு எங்கோ போய்விடும். மாடல் 10 போன்ற சாதாரண விலை ரிவால்வருக்கு அந்தச் செலவு கட்டுப்படியாகாது.

பேரலுக்குள்

சிலிண்டரைத் திறந்து, பின்புறம் ஒரு வெள்ளைத் தாளைப் பிடித்து விளக்கடித்து, முன்வாயிலிருந்து பாருங்கள். உள்ளே அழுக்கும் ஈயப்படிவும் இருந்தால் பரவாயில்லை, சுத்தம் செய்தால் போய்விடும். சுழல் வரிகளின் ஓரம் கூர்மையாக இருக்க வேண்டும். நடுவில் கருவளையம்போல் ஒரு நிழல் தெரிந்தால் அது பேரல் உப்பிய இடம். ஒரு குண்டு உள்ளேயே சிக்கிக்கொண்டபோது அடுத்ததைச் சுட்டதன் அடையாளம். வெளிப்பக்கத்தை விரல் நுனியால் தடவினால் லேசான மேடு தட்டுப்படவும் செய்யலாம்.

பேரலின் பின்முனையை, அதாவது குண்டு நுழையும் புனல் போன்ற இடத்தை, தனியாகப் பாருங்கள். .357 மேக்னம் சுடும் மாடல் 19-ல் இந்த இடத்தின் அடிப்பகுதி, யோக்குக்கு இடம்விடுவதற்காகத் தட்டையாகச் சீவப்பட்டிருக்கும். அங்கே உலோகம் மெல்லியது. எடை குறைந்த, வேகம் கூடிய 125 கிரெய்ன் (குண்டின் எடையைச் சொல்லும் அளவு) தோட்டாக்களைத் தொடர்ந்து சுட்டவற்றில் சரியாக அந்த இடத்தில் விரிசல் விழும். மயிர்போல் ஒரு கோடுதான் தெரியும். பழைய மாடல் 19-க்கு மாற்றுப் பேரல் தேடுவது லேசான வேலை இல்லை. மாடல் 10 சுடுவது .38 ஸ்பெஷல் என்பதால் அதில் இந்தக் கவலை மிகக் குறைவு.

சிலிண்டரின் மேல் ஓடும் வட்டக்கோட்டைப் பார்த்துப் புதியவர்கள் பயப்படுகிறார்கள். ஸ்டாப் உரசுவதால் வருவது அது, எல்லா ஸ்மித் அண்ட் வெஸ்ஸனிலும் வரும். சிலிண்டர் முகத்தில் கருகிய வளையங்களும் குறை அல்ல. ஆனால் ஸ்டாப் விழும் பள்ளங்களின் ஓரம் நசுங்கி மேடு கட்டியிருந்தால், அதை வேகவேகமாக நிறையச் சுட்டிருக்கிறார்கள் என்று பொருள். திறந்த சிலிண்டரைச் சுழலவிட்டு சுட்ட கூடுகளைத் தள்ளும் எஜெக்டர் கம்பியின் முனையைக் கவனியுங்கள். முனை வட்டமடித்துத் தள்ளாடினால் கம்பி வளைந்திருக்கிறது.

மறுமெருகைக் கண்டுபிடிப்பது

இயந்திரம் தேறியது என்றால் இப்போது மெருகுக்கு வரலாம். ப்ளூயிங் என்பது இரும்பின் மேல் ரசாயனத்தால் ஏற்றும் கருநீல மெருகு. கம்பெனி ஏற்றிய அசல் மெருகு தேய்ந்திருந்தாலும் அதற்கு மதிப்பு உண்டு. யாரோ பிற்பாடு ஏற்றிய மறுமெருகு எவ்வளவு அழகாக இருந்தாலும் சேகரிப்பாளர் பார்வையில் பெரிய இறக்கம். சுடுவதற்கு மட்டும் வாங்குபவருக்கு மறுமெருகு ஒரு குறையே இல்லை. ஆனால் அசல் விலையை அதற்குக் கொடுக்கக் கூடாது.

கண்டுபிடிக்க முதலில் பார்க்க வேண்டியது ஹேமரும் ட்ரிகரும். ஸ்மித் அண்ட் வெஸ்ஸனின் பழைய இரும்பு ரிவால்வர்களில் இவை இரண்டும் பழுப்பும் நீலமும் சாம்பலும் கலந்த, எண்ணெய்ப் படலம்போல் நிறம் மாறும் கேஸ் ஹார்டனிங் பூச்சோடு வந்தவை. அவை ஃப்ரேமைப் போலவே கருநீலமாக இருந்தால் யாரோ எல்லாவற்றையும் ஒன்றாகத் தொட்டியில் முக்கியிருக்கிறார்கள். நிக்கல் பூசியவற்றுக்கும் இதே விதிதான். ஒரு கன் ஷோவில் நிக்கல் மாடல் 10 ஒன்றை ‘அசல், தொடவே இல்லை’ என்று மேசையில் வைத்திருந்தார் ஒருவர். ட்ரிகரின் பக்கவாட்டு வரை வெள்ளி நிக்கல் ஜொலித்தது. விலைச்சீட்டில் இருந்தது அசலின் விலை. நான் எதுவும் பேசவில்லை, அடுத்த மேசைக்குப் போய்விட்டேன்.

அடுத்து எழுத்துகள். பேரலின் பக்கத்தில் பொறித்திருக்கும் கம்பெனிப் பெயரை விளக்கொளியில் சாய்த்துப் பாருங்கள். அசலில் எழுத்தின் ஓரம் கத்திபோல் இருக்கும். பாலிஷ் சக்கரத்தில் பிடித்ததில் ஓரம் உருகியதுபோல் மழுங்கி, சில எழுத்து ஆழமாகவும் சில மேலோட்டமாகவும் தெரியும். திருகு உட்காரும் துளைகளைச் சுற்றி உலோகம் தட்டையாக இருக்க வேண்டும். சக்கரம் பட்டிருந்தால் துளை வாய் சின்னக் கிண்ணம்போல் குழிந்திருக்கும். வலப்பக்கத்து மூடித் தகடு ஃப்ரேமோடு சேரும் கோட்டை அசலில் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். அது ஒரு வாய்க்காலாகப் பளிச்சென்று தெரிந்தால் ஓரங்கள் தேய்ந்துபோயிருக்கின்றன. மெருகுக்கு அடியில் குழிகுழியாகத் துருவின் தழும்பு தெரிந்தால் இனிமேல் சந்தேகமே வேண்டாம்.

அந்தத் தகட்டுக் கோட்டில் ஸ்க்ரூடிரைவர் வைத்து நெம்பிய தடமும், திருகுத் தலைகள் சிதைந்திருப்பதும் வேறொரு கதை சொல்லும்: பழக்கமில்லாத கை உள்ளே போயிருக்கிறது. அப்படியொன்று கிடைத்தால் முன்னே சொன்ன பூட்டுச் சோதனையை இரண்டாம் முறையும் செய்யுங்கள்.

முடிந்தால் கிரிப்பை, அதாவது பிடியின் மேல் மாட்டிய பலகைகளை, கழற்றிப் பார்க்கக் கேளுங்கள். வியர்வையும் ஈரமும் தங்கும் இடம் அது. மேலே பழுதில்லாமல் இருக்கும் ரிவால்வர் கிரிப்புக்கு அடியில் துருவேறிக் கிடக்கலாம். கம்பெனியிலேயே மறுமெருகு செய்யப்பட்டவற்றில் அதற்கான முத்திரை, பெரும்பாலும் ஒரு நட்சத்திரக் குறியோ தேதியோ, பிடியின் மேல் இருக்கும். கம்பெனி செய்ததை வெளியே செய்ததைவிடக் கொஞ்சம் மேலாக மதிக்கலாம்.

கிரிப் பற்றி இன்னும் ஒரு சொல். 1968 வரையிலான மரக் கிரிப்புகளில் திருகைச் சுற்றி வைர வடிவில் மரத்தைச் செதுக்காமல் விட்டிருப்பார்கள். அந்தக் கிரிப்பு அந்தத் துப்பாக்கியோடு பிறந்ததென்றால், வலப்பக்கப் பலகையின் உள்ளே அதே சீரியல் எண் இருப்பது வழக்கம். பழைய கிரிப்புகள் தனியாகவே நல்ல விலைக்குப் போகின்றன. அதனால் அசலைக் கழற்றி விற்றுவிட்டு ரப்பர் கிரிப்பு மாட்டி விற்பவர்கள் உண்டு; ரப்பர் கிரிப்பு மாட்டியிருந்தால் ‘அசல் இருக்கிறதா’ என்று கேட்டே ஆக வேண்டும். அசல் அட்டைப்பெட்டி, சீரியல் எண் பொருந்தும் லேபிளோடு இருந்தால் அதற்கும் தனி மதிப்பு.

கதைக்குக் காசு இல்லை

‘இது உலகப் போரில் இருந்தது’ என்று அடிக்கடி கேட்பீர்கள். பொய்யாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. இரண்டாம் உலகப் போரின்போது செய்த விக்டரி மாடலின் சீரியல் எண் ‘வி’ (V) என்ற எழுத்தோடு தொடங்கும், பிடியின் அடியில் கயிறு மாட்டும் வளையம் இருக்கும், மெருகு பளபளப்பில்லாத சாம்பல் நிறம். எண்ணே சாட்சி சொல்வதால் இதை நம்பலாம். ஆனால் இதில் ஒரு பெரிய பள்ளம் இருக்கிறது. பிரிட்டிஷ் படைகளுக்குப் போனவை .38/200 என்ற வேறு தோட்டாவுக்காகச் செய்யப்பட்டவை. பெரும்பாலும் 5 அங்குலப் பேரல். போர் முடிந்து திரும்பி வந்த பலவற்றின் அறைகளை .38 ஸ்பெஷல் நுழையும்படி நீளமாகக் குடைந்து, சிலவற்றின் பேரலையும் வெட்டிக் குட்டையாக்கி விற்றார்கள். அந்தப் பழைய தோட்டா .38 ஸ்பெஷலைவிடக் கொஞ்சம் தடித்தது. அதனால் அறையின் பின்பகுதி அகலமாகவே இருக்கும், சுட்டதும் தோட்டாக் கூடு வயிறு உப்பி வரும், சில சமயம் பிளந்தும் வரும். பேரலிலும் ஃப்ரேமிலும் பிரிட்டிஷ் சோதனை முத்திரைகள் இருந்தால் இந்த மாற்றம் நடந்திருக்கிறதா என்று பார்த்தே தீர வேண்டும். குடைந்ததென்றால் அசல் விக்டரியின் விலைக்குப் பக்கத்தில்கூடப் போகக் கூடாது.

எண் சொல்லாத கதைகளுக்கு, அதாவது ‘எங்கள் ஊர் ஷெரீஃப் வைத்திருந்தது’ வகைக்கு, காகிதம் கேளுங்கள். ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் ரிவால்வர் எந்தத் தேதியில் எந்த வியாபாரிக்கு அனுப்பப்பட்டது என்று கம்பெனிப் பதிவேட்டைப் பார்த்துக் கடிதம் தருகிறது ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் வரலாற்று அறக்கட்டளை, கட்டணம் உண்டு. கடிதம் இல்லையென்றால் அது மாடல் 10, மாடல் 10-ன் விலை.

கோல்ட், ரூகர் என்ற வேறு கம்பெனிகள் பக்கம் போகிறவர்களுக்குச் சுருக்கமாக. பைத்தான் உள்ளிட்ட பழைய கோல்ட்களில் ட்ரிகரை இழுத்துப் பிடித்திருக்கும்போது சிலிண்டர் துளியும் ஆடக் கூடாது. ஸ்மித் அண்ட் வெஸ்ஸனில் மன்னித்த ஆட்டத்தை அங்கே மன்னிக்காதீர்கள். அந்த உள்வேலை தெரிந்த கன்ஸ்மித்கள் குறைந்துவிட்டார்கள். பைத்தான் 2020-ல் புதிதாக மறுபடி வந்திருக்கிறது, உள்ளமைப்பு வேறு. பழையதன் விலையையும் புதியதன் விலையையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். 1973-க்கு முந்தைய ரூகர் பிளாக்ஹாக்கில் பாதுகாப்புக்கான உள்பாகத்தைக் கம்பெனி இலவசமாக மாற்றித் தந்து, கழற்றிய பழைய பாகங்களையும் திருப்பிக் கொடுத்தது. சேகரிப்பாளர்கள் மாற்றாததைத்தான் தேடுகிறார்கள். மாற்றியிருந்தால் அந்தப் பழைய பாகங்கள் கூடவே வருகின்றனவா என்று கேளுங்கள்.

எண்ணுக்கு வருவோம்

இணையத்தில் போட்டிருக்கும் விலை விற்பவரின் ஆசை. கன்புரோக்கர் போன்ற ஏலத் தளங்களில் ‘முடிந்த ஏலங்கள்’ என்று பிரித்துப் பார்க்க முடியும். அதில் உண்மையாக விற்றுப்போனவற்றை மட்டும் எடுங்கள். அதே மாடல் எண், அதே பேரல் நீளம், அதே மெருகு, ஏறக்குறைய அதே தேய்மானம். பத்து விற்பனை கிடைத்தால் மிக உயர்ந்ததையும் மிகத் தாழ்ந்ததையும் தள்ளிவிட்டு நடுவில் நிற்பதைப் பிடியுங்கள். உயர்ந்த விலைக்குப் போனதில் பெட்டியோ பழைய கிரிப்போ இருந்திருக்கும். படத்தை உற்றுப் பார்த்தால் தெரியும்.

ஒரு கணக்குக்காக அந்த நடுவிலை 500 டாலர் என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் பார்ப்பதில் ரப்பர் கிரிப்பு, அசல் இல்லை: பழைய கிரிப்பு தனியாக வாங்க 60 ஆகும் என்றால் அதைக் கழியுங்கள். முன்பின் ஆட்டம் 0.005: உள்ளூர் கன்ஸ்மித் 80 கேட்பார் என்றால் அதையும் கழியுங்கள். 360. ஏலத்தில் வாங்கியவர் அஞ்சல் செலவும் உள்ளூர்க் கடையின் பரிமாற்றக் கட்டணமும் கொடுத்திருப்பார். நேரில் வாங்கும் உங்களுக்கு அது மிச்சம் என்பதால் ஐம்பது அறுபது ஏற்றிக் கொடுத்தாலும் நஷ்டமில்லை. ஆக 400 பக்கத்தில் நிற்கலாம். கடைக்காரர் 475 சொன்னால், ஃபீலர் கேஜ் அளவைக் காட்டிப் பேசுங்கள். ‘விலை அதிகம்’ என்று சொல்வதைவிட ‘ஆட்டம் 0.005 இருக்கிறது, நீங்களே பாருங்கள்’ என்பதற்குப் பதில் கிடைக்கும். கடைக்காரரும் சம்பாதிக்க வேண்டும். வாங்கிய விலைக்கே கொடு என்று நிற்பது மரியாதை இல்லை. டைமிங் தவறியதற்கு மட்டும் இந்தக் கழித்தல் கணக்குப் போடாதீர்கள். கன்ஸ்மித் பார்க்காமல் அதன் செலவை யாராலும் சொல்ல முடியாது.

தேய்மானத்தைச் சொல்லும் சொற்களிலும் கவனம் வேண்டும். என்.ஆர்.ஏ. (அமெரிக்காவின் தேசிய ரைஃபிள் சங்கம்) தரவரிசையில் ‘எக்ஸலென்ட்’ என்றால் அரிதாகப் பயன்படுத்திய, பேரல் முனையிலும் கூர் ஓரங்களிலும் தவிர மெருகு போகாத ஒன்று. ‘குட்’ என்றால் பாதுகாப்பாக வேலை செய்யும், ஓரளவு தேய்ந்த, உடைந்த பாகம் இல்லாத ஒன்று. விற்பவர்கள் இதில் ஒரு படி ஏற்றித்தான் எழுதுவார்கள். போலீஸ் கைமாறிய மாடல் 10-கள் பெரும்பாலும் ‘குட்’ விலையில் வரும், பூட்டு மட்டும் ‘எக்ஸலென்ட்’டாக இருக்கும். என்னைக் கேட்டால் முதல் ரிவால்வராக வாங்க வேண்டியது அதைத்தான்.

தூரத்திலிருந்து வாங்கினால்

படத்தை மட்டும் பார்த்து வாங்குவதென்றால் விற்பவரிடம் இவற்றைக் கேளுங்கள்: வலப்பக்க மூடித் தகட்டின் நெருங்கிய படம், சிலிண்டரின் முன்முகமும் பின்முகமும், பேரலின் பின்முனை, கிரிப்புக்கு அடியில் ஃப்ரேம், ஹேமரும் ட்ரிகரும் நல்ல வெளிச்சத்தில். டைமிங் பற்றி ‘சிலிண்டரில் லேசாகத் தடை கொடுத்து மெதுவாக இழுத்தால் ஆறு அறையும் பூட்டுகிறதா’ என்று எழுத்தில் கேட்டு, எழுத்தில் பதில் வாங்குங்கள். திருப்பி எடுத்துக்கொள்வாரா, எத்தனை நாளுக்குள் என்பதையும் விளம்பரத்திலேயே படித்துக்கொள்ளுங்கள்.

ரிவால்வர் உங்கள் ஊர்க் கடைக்கு வந்து சேர்ந்ததும், 4473 படிவத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன்பு, மேலே சொன்ன சோதனைகளை எல்லாம் கவுன்டரிலேயே செய்துவிடுங்கள். உங்கள் பெயருக்கு மாறிவிட்டால் பெரும்பாலான விற்பனையாளர்கள் திரும்ப எடுக்க மாட்டார்கள். குறை இருந்தால் அப்போதே படம் எடுத்து விற்பவருக்கு அனுப்பிவிட்டு, ‘இதை மாற்ற வேண்டாம், திருப்பி அனுப்ப வேண்டியிருக்கும்’ என்று கடைக்காரரிடம் சொல்லுங்கள். அவருக்கு இது பழக்கமான வேலைதான். அதற்கு அவர் தனிக் கட்டணம் வாங்கலாம். கொடுத்துவிடுங்கள்.